சோம்புத் தண்ணீரில் சோம்பு எவ்வளவு இருக்கிறது?

12 ஜனவரி, மாலை. ஒரு வாசகியின் கேள்வி

"தினமும் காலையில் வெறும் வயிற்றில் சோம்பு ஊறவைத்த தண்ணீர் குடித்தால் தொப்பை கரையும், ஹார்மோன் சீராகும், எலும்பு உறுதியாகும், தாய்ப்பால் பெருகும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டே இருக்கிறது. மாமியார் கைக்குழந்தைக்கும் ஒரு சங்கு கொடுக்கச் சொல்கிறார். குழந்தைக்கு இரண்டு மாதம். சோம்பில் அப்படி என்னதான் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

12 ஜனவரி, இரவு

குழந்தைக்கு இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைத் தனியாக எழுதுகிறேன்.

பார்மசி கல்லூரியில் மூலிகைச் சரக்குகளுக்கான செய்முறை வகுப்பு எடுப்பது என் வேலை. சோம்பு எங்களுக்கு ஆண்டுதோறும் வரும் பாடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோம்பின் மணம், குணம் இரண்டுக்கும் காரணம் அதிலுள்ள ஆவியாகும் எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பங்கு டிரான்ஸ்-அனெத்தோல். வாயில் போட்டு மென்றதும் வரும் இனிப்பு அதனுடையதுதான், சர்க்கரையால் அல்ல. எடைக்கு எடை பார்த்தால் சர்க்கரையைவிட ஏறக்குறைய 13 மடங்கு இனிப்பு அது. அடுத்தது ஃபென்கோன். கற்பூரம் போன்ற வாசனை, லேசான கசப்பு. மூன்றாவது எஸ்ட்ரகோல். இதைப் பற்றிப் பிறகு நிறையப் பேச வேண்டியிருக்கும். அப்புறம் லிமோனீன், ஆல்பா-பைனீன் போன்றவை சிறிய அளவில்.

ஐரோப்பிய மருந்துத் தரநூல் சோம்பை இரண்டாகப் பிரிக்கிறது. கசப்புச் சோம்பு என்றால் ஒரு கிலோ விதையில் குறைந்தது 40 மி.லி. எண்ணெய் இருக்க வேண்டும். அந்த எண்ணெயில் அனெத்தோல் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஃபென்கோன் 15 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எஸ்ட்ரகோல் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இனிப்புச் சோம்புக்கு ஒரு கிலோவில் 20 மி.லி. எண்ணெய் போதும்; ஆனால் அனெத்தோல் 80 சதவீதமாவது வேண்டும், ஃபென்கோன் அதிகபட்சம் 7.5 சதவீதம், எஸ்ட்ரகோல் அதிகபட்சம் 10 சதவீதம். நாம் வெற்றிலை பாக்கோடும் பிரியாணிக்குப் பிறகும் மெல்லுவது இந்த இனிப்புப் பக்கத்தைச் சேர்ந்தது.

இந்த எண்ணெய் தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த ஒரு வரியில் இருக்கிறது. நாளை தொடர்கிறேன்.

13 ஜனவரி, காலை

முழுச் சோம்பைக் குளிர்ந்த தண்ணீரில் இரவு ஊறப்போட்டுக் காலையில் வடிகட்டிக் குடித்தால் உள்ளே போவது என்ன? குவெர்செட்டின் சார்ந்த சில ஃபிளவனாய்டுகள், குளோரோஜெனிக் அமிலம் போன்ற பீனால் வகைகள், கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் நிறம். அனெத்தோலில் பெரும்பங்கு வடிகட்டியில் தங்கும் விதைக்குள்ளேயே இருக்கும். ஊறிய விதையைத் தூக்கிப்போடாமல் மென்று பாருங்கள், இன்னும் இனிப்பும் மணமும் அப்படியே இருக்கும்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தியில் "100 கிராமில் 1196 மி.கி. கால்சியம், 18.5 மி.கி. இரும்பு" என்று ஒரு வரி இருக்குமே, அது பொய்யில்லை. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் உள்ள எண்கள்தான். ஆனால் 100 கிராம் சோம்பை யார் தின்கிறார்கள்? ஒரு தேக்கரண்டி 2 கிராம். அதில் கால்சியம் சுமார் 24 மி.கி., இரும்பு அரை மி.கி.க்கும் குறைவு. அதுவும் விதையை மென்று விழுங்கினால்தான். எலும்பு உறுதிக்குக் கேழ்வரகையும் மோரையும் பார்க்கலாம்.

13 ஜனவரி, பிற்பகல்

தொப்பை பற்றி. 2015-ல் கொரியாவில் உடற்பருமன் கூடிய ஒன்பது பெண்களை வைத்து ஒரு சிறு ஆய்வு நடந்தது. மதிய உணவுக்கு முன் சோம்புத் தேநீர், வெந்தயத் தேநீர், வெறும் பானம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சோம்புத் தேநீர் குடித்தபோது பசி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் உணவு மேசையில் அவர்கள் சாப்பிட்ட அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கொழுப்பு கரைந்ததா என்று அதில் யாரும் பார்க்கவே இல்லை. "சோம்பு கொழுப்பைக் கரைக்கும்" என்று காணொளி போடுகிறவர்கள் இந்த ஆய்வைக் காட்டினால், ஒன்பது பேர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

15 ஜனவரி

பொங்கல் விடுமுறை. "எண்ணெய் விதைக்குள் எங்கே இருக்கிறது, ஊறவைத்தால் ஏன் வெளியே வராது?" என்று கேட்டிருந்த நண்பருக்கு.

வகுப்பில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். சோம்பைக் கொஞ்சநேரம் தண்ணீரில் வேகவைத்து மெதுவாக்கி, உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு கீறல் போட்டு அதற்குள் நட்டுவைத்து, புது பிளேடால் கிழங்கோடு சேர்த்துக் குறுக்காகச் சீவுவோம். கண்ணாடித் தகட்டில் வைத்து ஃபுளோரோகுளூசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சொட்டு விட்டால் கட்டைத்தன்மை உள்ள செல்கள் எல்லாம் ரோஜாச் சிவப்பாக மாறும். அப்போது மைக்ராஸ்கோப்பில் தெரிவது இது: சோம்பு உண்மையில் விதை இல்லை, ஒரு கனி. அது இரண்டு பாதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பாதியின் முதுகிலும் ஐந்து வரப்புகள். ஒவ்வொரு வரப்புக்குள்ளும் ஒரு சிவந்த குழாய்க்கற்றை, அதைச் சுற்றி வலைபோல் பின்னிய தடித்த செல்கள். வரப்புக்கும் வரப்புக்கும் நடுவே பழுப்பு நிறச் சுவருடன் ஒரு முட்டை வடிவ ஓட்டை. முதுகுப் பக்கம் நான்கு, இரண்டு பாதிகளும் ஒட்டும் தட்டைப் பக்கம் இரண்டு, ஆக ஆறு. இவைதான் எண்ணெய்க் கால்வாய்கள். கனியின் நீளத்துக்கும் ஓடும், இரு முனையும் மூடியிருக்கும்.

அந்தப் பழுப்புச் சுவர் தண்ணீரை எளிதில் விடாது. உடைக்காமல் ஊறவைத்தால் கால்வாய்க்குள் இருப்பது உள்ளேயேதான் இருக்கும். இடித்தால் வெளியே வரும். மாணவர்களுக்கு முதல் தடவை அந்த ஆறு ஓட்டைகள் தெளிவாகத் தெரியும்போது முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்த வகுப்பு எனக்குப் பிடிக்கும்.

15 ஜனவரி, இரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: குருமாவுக்குத் தேங்காயோடு சோம்பை அரைக்கிறோம், கறிக்குழம்புக்குச் சூடான எண்ணெயில் பட்டையோடு சோம்பைப் பொரிக்கிறோம். இரண்டுமே அனெத்தோலை வெளியே எடுக்கச் சரியான வழிகள். அரைத்தால் கால்வாய் உடைகிறது. வெளிவருவது கொழுப்பில் நன்றாகக் கரைகிறது. செட்டிநாட்டுச் சமையல் வீட்டில் தெரு முனையிலேயே மணம் வருவதற்குக் காரணம் இதுதான். வாட்ஸ்அப் தண்ணீரைவிட உங்கள் வீட்டுக் குருமாவில் சோம்பு அதிகம்.

16 ஜனவரி

ஊட்டியிலிருந்து ஒரு நண்பர்: "வாங்கி வைத்த சோம்பு எண்ணெய் பாட்டிலில் உறைந்து வெள்ளையாகிவிட்டது. கலப்படமா?"

கலப்படம் என்று சொல்ல முடியாது. நல்ல அறிகுறிகூட. சுத்தமான டிரான்ஸ்-அனெத்தோல் 21 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகும், அதற்குக் கீழே படிகமாகிவிடும். ஊட்டியின் ஜனவரிக் குளிருக்கு அனெத்தோல் நிறைந்த எண்ணெய் உறையத்தான் செய்யும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வைத்து முழுவதும் உருகியபிறகு குலுக்கிப் பயன்படுத்துங்கள். பாதி உறைந்த நிலையில் மேலே நிற்கும் திரவத்தை மட்டும் ஊற்றினால் அனெத்தோல் குறைந்த எண்ணெய்தான் கையில் கிடைக்கும். அந்த எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதன் அடர்த்தி வேறு கணக்கு.

கிரீஸின் ஊஸோ, துருக்கியின் ராக்கி போன்ற மதுவகைகளில் தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுக்குமே, அதுவும் இதே அனெத்தோலின் வேலைதான். அவற்றில் பெரும்பாலும் வருவது நம் சோம்பு இல்லை, அனீஸ் என்ற அதன் உறவுக்காரச் செடி. நம் பிரியாணியில் விழும் அன்னாசிப்பூ தாவரக் குடும்பத்தில் சோம்புக்குத் தொடர்பே இல்லாதது, ஆனால் எண்ணெயில் இருப்பது அதே அனெத்தோல். மணம் ஒத்துப்போவது அதனால்தான்.

18 ஜனவரி

குழந்தை விஷயம். தள்ளிப்போட்டது போதும்.

சோம்புக்குக் குழந்தைகளின் வயிற்றுவலியில் ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2003-ல் வெளிவந்த ஒரு ரஷ்ய ஆய்வு இருக்கிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வார வயதுள்ள 125 குழந்தைகள். ஒரு பகுதியினருக்கு 0.1 சதவீதச் சோம்பு எண்ணெயைத் தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த திரவம், மற்றவர்களுக்கு எண்ணெய் இல்லாத அதே போன்ற திரவம். விடாமல் அழும் வயிற்றுவலி சோம்பு பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கு நீங்கியது. மற்ற குழுவில் 23.7 சதவீதத்தினருக்கு. பெரிய வித்தியாசம். 1993-ல் இஸ்ரேலில் சீமைச்சாமந்தி, சோம்பு, அதிமதுரம் உள்ளிட்ட கலவைத் தேநீரை வைத்துச் செய்த ஆய்விலும் 57 சதவீதத்துக்கு எதிராக 26 சதவீதம் என்று வந்தது.

இதைப் படித்துவிட்டு, "அப்போ பாட்டி சொன்னது சரிதானே" என்று தோன்றும். எனக்கும் அங்கே ஒரு தயக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ரஷ்ய ஆய்வில் கொடுத்தது அளந்து தயாரித்த திரவம். நம் வீட்டில் கொடுப்பது எந்தத் தண்ணீரில், எத்தனை சோம்பு, எவ்வளவு நேரம் கொதித்தது என்று யாருக்கும் தெரியாத ஒன்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு முக்கியக் காரணமே வெளித் தண்ணீரால் வரும் தொற்றும், வயிறு நிரம்பிப் பால் குடிப்பது குறைவதும்தான். ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சோம்புத் தேநீரைப் பரிந்துரைக்கவில்லை.

துருக்கியில் சோம்புத் தேநீர் நீண்டகாலம் குடித்துவந்த சிறுமிகளுக்கு வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தென்பட்டதை மருத்துவர்கள் 2008-ல் பதிவு செய்திருக்கிறார்கள். நிறுத்தியதும் அது அடங்கியது. தாய்ப்பாலுக்காக அம்மா தேநீரை ஏராளமாகக் குடித்த இடத்திலும் பிரச்சினை வந்திருக்கிறது: 1994-ல் இத்தாலியில், அதிமதுரம், சோம்பு, அனீஸ் எல்லாம் கலந்த பால்சுரப்புத் தேநீரை ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்த தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகள் துவண்டு, பால் உறிஞ்சாமல், சோர்ந்து கிடந்தார்கள். தேநீரை நிறுத்தியபின் தேறினார்கள்.

என் தங்கை பிரசவித்து வந்தபோது வீட்டில் இதே பேச்சு எழுந்தது. அம்மாவிடம் நேராக மறுத்தால் வருத்தப்படுவார். "சோம்புக் குழம்பு நீ வைத்துக்கொடு, அவள் சாப்பிடட்டும், குழந்தைக்குப் பால் போதும்" என்று சொன்னேன். அம்மா ஒத்துக்கொண்டார். உங்கள் மாமியாரிடமும் அப்படிச் சொல்லிப் பாருங்கள். குழந்தை விடாமல் அழுதால், வாந்தி பச்சையாக வந்தால், காய்ச்சல் இருந்தால், கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

19 ஜனவரி

"கிரைப் வாட்டரில் சோம்புதானே இருக்கிறது, அதை மட்டும் எல்லாரும் கொடுக்கிறார்களே" என்று ஒருவர்.

1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு தயாரித்த கிரைப் வாட்டரில் இருந்தது சதகுப்பை எண்ணெய். சோடா உப்பு, சர்க்கரை, ஆல்கஹால் ஆகியவையும் இருந்தன. குழந்தைகள் சீக்கிரம் அமைதியானதில் ஆல்கஹாலுக்கும் பங்கு இருந்திருக்கும். சதகுப்பையில் பிரதானம் கார்வோன் என்ற வேறொரு பொருள், அனெத்தோல் இல்லை. சோம்பு, சீரகம், கொத்தமல்லி, ஓமம், சதகுப்பை, பெருங்காயம், கேரட் எல்லாம் ஒரே குடும்பம், பூக்கள் குடைபோல விரியும் செடிகள். ஆனால் ஒவ்வொன்றின் எண்ணெயும் தனி. சீரகத்தில் குமினால்டிஹைடு, ஓமத்தில் தைமால், கொத்தமல்லியில் லினலூல். வயிற்றுக்கு எல்லாமே நல்லது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது.

இந்தக் குடும்பம் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. கேரட்டோ செலரியோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறது, உதடு தடிக்கிறது என்பவர்கள் சோம்பிலும் கவனமாக இருங்கள்.

22 ஜனவரி

எஸ்ட்ரகோல் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

அனெத்தோலிலும் எஸ்ட்ரகோலிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான்: பத்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். பக்கச்சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடம் மட்டும் வேறு. அனெத்தோலில் வளையத்தை ஒட்டி, எஸ்ட்ரகோலில் சங்கிலியின் கடைசியில். இந்தச் சின்ன இடமாற்றம் ஈரலில் பெரிய விளைவைத் தருகிறது. எஸ்ட்ரகோலில் வளையத்துக்கும் இரட்டைப் பிணைப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கார்பனில் ஈரல் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை ஏற்றுகிறது. அதன்மேல் சல்ஃபேட் ஏறுகிறது. அது கழன்று விழும்போது மிஞ்சுவது டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ள துண்டு. எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது ஈரலில் கட்டிகள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2001-லேயே இது மரபணுவைத் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சொல்லி, உட்கொள்வதைக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 0.05 மி.கி. என்று ஒரு வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். 2 கிராம் சோம்பு. எண்ணெய் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40 மி.கி. அதில் எஸ்ட்ரகோல் 4 சதவீதம் என்றால் 1.6 மி.கி. இடித்துப் போட்ட தேநீரில் அதில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலும் 0.16 மி.கி. ஒரு கோப்பையிலேயே வழிகாட்டு அளவைத் தாண்டுகிறது.

23 ஜனவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு மூன்று பேர் பயந்துபோய்த் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பயப்பட எழுதவில்லை.

அந்த 0.05 என்பது மிகுந்த பாதுகாப்பு இடைவெளி விட்டு, நீண்டகாலத் தினசரிப் பயன்பாட்டை மனதில் வைத்துப் போட்ட அளவு. எலிகளுக்குக் கொடுத்தது தனி எஸ்ட்ரகோல், நாம் மெல்லுவதைப் போலப் பல மடங்கு. முழுச் சரக்கில் கூடவே இருக்கும் ஃபிளவனாய்டுகள் அந்தச் சல்ஃபேட் ஏறும் படியைத் தடுக்கக்கூடும் என்பதற்குத் துளசி வகையில் செய்த ஆய்வுகளும் உண்டு. குழம்பில் விழும் சோம்பையோ, சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிட்டிகை மெல்லுவதையோ யாரும் விட வேண்டியதில்லை. நானும் விடவில்லை. வருடக்கணக்கில் தினமும் லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்களும், கர்ப்பிணிகளும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டாரும் யோசிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வயிற்றுக் கோளாறுக்கு இரண்டு வாரத்துக்குள் குடித்து நிறுத்துவது வேறு, வாழ்நாள் பழக்கமாக்குவது வேறு.

24 ஜனவரி

மெல்லுவது பற்றி ஒரு நல்ல செய்தி. சென்னை குரோம்பேட்டையில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையத்தினர் 2012-ல் வெளியிட்ட கட்டுரையில், சாப்பாட்டுக்குப் பின் மெல்லும் மற்ற விதைகளைவிடச் சோம்பில் நைட்ரைட் கூடுதல் என்றும், மென்றபின் எச்சிலில் நைட்ரைட் உயர்ந்தது என்றும் காட்டினார்கள். ஆய்வகச் சோதனைகளில் ரத்தக்குழாய் தளர்வதும் தெரிந்தது. இதை ரத்த அழுத்த மருந்தாக எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மனிதர்களிடம் அப்படிச் சோதித்த ஆய்வு இது இல்லை. நம் ஊரில், நம் பந்தியின் கடைசித் தட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து இவ்வளவு சீராகப் பார்த்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்.

27 ஜனவரி

மாதவிடாய் வலி, ஹார்மோன்.

வலிக்கு: ஈரானில் இதைப் பற்றிப் பல ஆய்வுகள் உண்டு. சோம்புச் சாறு மெஃபனாமிக் அமிலம் என்ற வலி மருந்துக்கு ஓரளவு ஈடுகொடுத்ததாக 2003-ல் ஷிராஸிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கருப்பைத் தசையின் இறுக்கம் சோம்பு எண்ணெயில் தளர்வதை எலிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். அதனால் காரணம் புரிகிறது. ஆனால் ஆய்வுகள் சிறியவை, பலவற்றில் யாருக்கு எது கொடுத்தோம் என்பதை மறைப்பதே கடினம், சோம்பின் மணம் காட்டிக்கொடுத்துவிடும். மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கு: 2017-ல் தெஹ்ரான் ஆய்வில் 90 பெண்கள், எட்டு வாரம், 100 மி.கி. மாத்திரை தினம் இரண்டு, தொல்லைகள் குறைந்தன.

"ஹார்மோன் சீராகும்" என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. சோம்புக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போன்ற மெல்லிய செயல் இருப்பது பழைய விஷயம். அனெத்தோல் ஒன்றோடொன்று சேர்ந்து உருவாகும் டயனெத்தோல் போன்றவை இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 1980-லேயே எழுதியிருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனைப் போல நடக்கும் ஒரு பொருள் எல்லாருக்கும் "சீர்" செய்யாது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இவர்கள் மருந்தளவில் சோம்பு எடுக்க வேண்டாம். மேலே சொன்ன துருக்கிச் சிறுமிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

28 ஜனவரி

வயிறு. இதில்தான் சோம்புக்கு நான் முழுமனதோடு கை தூக்குவேன். விலங்குக் குடல் துண்டுகளில் எண்ணெய் பட்டதும் இறுக்கம் தளர்வது தெரிகிறது. உப்புசம், வாயு, லேசான பிடிப்பு இவற்றுக்கு ஐரோப்பிய முகமையும் மரபுப் பயன்பாட்டை ஒப்புக்கொள்கிறது. இத்தாலியில் 2016-ல் வெளியான ஆய்வில் குடல் எரிச்சல் நோயுள்ள 121 பேருக்குக் குர்க்குமினும் சோம்பு எண்ணெயும் சேர்ந்த மாத்திரை 30 நாள் கொடுத்தார்கள். தொல்லை மதிப்பெண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, வெறும் மாத்திரைக் குழுவில் கால்வாசி அளவுதான் குறைந்தது. மஞ்சளின் பங்கு எவ்வளவு, சோம்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்பது ஒரு குறை.

நம் சித்த மருத்துவக் குணபாடத்திலும் பெருஞ்சீரகத்துக்கு, அதாவது சோம்புக்கு, சொல்லும் நோய்களில் குன்மம் என்ற வயிற்றுவலி, பொருமல், இரைப்பு இருக்கின்றன. சோம்புத் தீநீர் என்று வாலையில் வடிக்கும் வழக்கமும் உண்டு. எனக்கு இதில் வியப்பு அந்த வாலைதான். நீராவியோடு எண்ணெயை ஏற்றி, குளிரவைத்து, மூடிய பாத்திரத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் கிளெவஞ்சர் கருவியில் செய்வதும் அதே வேலை. திறந்த பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்தால் அந்த ஆவி சமையலறைக்குப் போகும், கோப்பைக்கு வராது.

2 பிப்ரவரி

"எந்தச் சோம்பு வாங்குவது?"

நம் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி குஜராத், ராஜஸ்தான் சரக்கு. குஜராத்தின் உஞ்சா சந்தை சீரகத்துக்கும் சோம்புக்கும் பெயர்போனது. மெல்லுவதற்கு விற்கும் மெல்லிய பச்சை லக்னோ சோம்பு, காய் பாதி வளர்ச்சியில் இருக்கும்போதே, பூத்து 30 முதல் 40 நாளில் கொய்து நிழலில் உலர்த்துவது. நார் குறைவு, வாய்க்கு மென்மை. சமையலுக்கும் கஷாயத்துக்கும் முற்றிய பருமனான சோம்பு நல்லது.

கண்ணைப் பறிக்கும் பச்சையைச் சந்தேகப்படுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிய சோம்பை வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீர் விட்டுப் பார்த்தேன். சில நிமிடத்தில் தண்ணீர் கிளிப்பச்சையாகிவிட்டது. இயற்கை நிறம் அப்படி இறங்காது, மஞ்சள் கலந்த பழுப்பாகத்தான் மெதுவாக வரும். அந்தக் கடையில் அப்புறம் வாங்குவதில்லை.

இன்னொன்று, எண்ணெய் வடித்து எடுத்த சக்கையை மறுபடி உலர்த்திக் கலப்பது. இது பழைய ஏமாற்று, எங்கள் பாடநூல்களிலேயே இருக்கிறது. நிறம் கறுத்திருக்கும், தண்ணீரில் போட்டதும் மூழ்கிவிடும். எளிய சோதனை: ஒன்றை எடுத்து முன்பல்லால் கடியுங்கள். இனிப்பு உடனே வரவில்லை என்றால் அந்தச் சோம்பில் ஒன்றும் இல்லை.

பொடியாக வாங்காதீர்கள். கால்வாய் உடைந்தபின் காற்றும் வெளிச்சமும் பட்டு அனெத்தோல் மெல்ல அனிசால்டிஹைடாக மாறும், மிச்சம் ஆவியாகும்.

5 பிப்ரவரி

முதல் கேள்வி கேட்ட வாசகி, "அப்போ எப்படித்தான் போடுவது, நேராகச் சொல்லுங்கள்" என்கிறார்.

பெரியவர்களுக்கு: ஒரு தேக்கரண்டி சோம்பு, அதாவது சுமார் 2 கிராம். குடிக்கும் நேரத்தில் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். கால் லிட்டர் கொதிநீரை ஊற்றித் தட்டால் மூடி 15 நிமிடம் விடுங்கள். மூடியின் அடியில் திரளும் சொட்டுகளையும் கோப்பையிலேயே தட்டிவிடுங்கள், வாசனை அதில்தான். வடிகட்டிச் சூடாகக் குடியுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்தில் தொல்லை தீரவில்லை என்றால் சோம்பை மாற்றிப் பயனில்லை, டாக்டரைப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பெரிய விருந்துக்குப் பிறகு வயிறு கல்லாக இருக்கும்போது நான் இதைத்தான் போட்டுக் குடிக்கிறேன். சிறிது நேரத்தில் ஏப்பம் வந்து இளகிவிடும்.

9 பிப்ரவரி

மதுரையிலிருந்து ஒருவர்: அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று, சிப்ரோஃபிளாக்சசின் எழுதியிருக்கிறார்கள், கூடவே சோம்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

மாத்திரை முடியும்வரை வேண்டாம். எலிகளில் செய்த ஆய்வில் சோம்புச் சாறோடு கொடுத்தபோது அந்த மருந்து ரத்தத்தில் ஏறுவது வெகுவாகக் குறைந்தது. சோம்பில் உள்ள கால்சியம் போன்ற உலோக அயனிகள் மருந்தைப் பிடித்துக்கொள்வது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதே காரணத்தால்தான் அந்த மாத்திரையைப் பாலோடும், கால்சியம், இரும்பு மாத்திரைகளோடும் போடக் கூடாது என்பது. கால்சியம், இரும்பு மாத்திரை ஏதாவது அவர் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். இருந்தால் சிப்ரோவை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ கொடுக்க வேண்டும். குழம்பில் இருக்கும் சோம்புக்குக் கவலை வேண்டாம். வெறும் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.